ஆல்ப்ஸில் சாதா வண்டி

செப்டம்பர் 3, 2025, கூர்

ஸ்விட்சர்லாந்து ஆல்ப்ஸில் ரயிலில் சுற்றப்போகிறோம் என்றதும் எல்லாரும் இரண்டு பெயர்களைத்தான் சொன்னார்கள்: கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ். கூரை வளையும் இடம்வரை கண்ணாடி போட்ட வண்டிகள். கையில் ரயில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். அதே தண்டவாளத்தில், அதே பாலங்களின் மேல், சாதா வண்டியும் பெரும்பாலும் மணிக்கொன்று ஓடுகிறது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. கால அட்டவணையை நோண்டிக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. அதற்கு முன்பதிவும் இல்லை, கூடுதல் கட்டணமும் இல்லை. நடுவில் எந்த ஊர் பிடிக்கிறதோ அங்கே இறங்கிக்கொள்ளலாம்.

கூட வந்திருப்பவர் மாமா, அக்காவின் கணவர். தெற்கு ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சில வருடங்கள் மேட்டுப்பாளையம் குன்னூர் மலை வண்டியில் வேலை பார்த்திருக்கிறார். கண்ணாடி வண்டியின் படத்தைக் காட்டியதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஜன்னல் தெறக்குமுங்களா?" திறக்காது என்றேன். "அப்புறம் எதுக்குங்க மாப்ளே? மலைய டிவியிலயே பாத்துக்கலாம்." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

திட்டம் இதுதான்: கூரிலிருந்து பெர்னினா கணவாய் ஏறி இத்தாலியின் திரானோ. அங்கிருந்து மிலான் வழியாக பெல்லின்சோனா. பழைய கோட்ஹார்ட் பாதையில் ஏறி ஆண்டர்மாட். பிறகு செர்மாட், கடைசியில் பெர்ன். வண்டி மாறுவதற்குப் பல இடங்களில் ஐந்தாறு நிமிடம்தான். நம்மூர் கணக்கில் அது பைத்தியக்காரத்தனம். ஆனால் 1982-லிருந்து நாடு முழுக்க வண்டிகள் ஒரே தாளத்தில் ஓடும்படிதான் இங்கே அட்டவணை போடுகிறார்கள். பெரிய நிலையங்களில் நாலா பக்கத்து வண்டிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து நின்று, ஆட்களை மாற்றிக்கொண்டு, ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. ஆகவே ஐந்து நிமிடம் போதும். எதிர் நடைமேடைக்குப் போனால் வண்டி நிற்கிறது.

சூரிக் நிலையத்தில் மாமா கடிகாரத்தடியில் நின்றுவிட்டார். ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற பொறியாளர் 1944-ல் வடிவமைத்தது. நொடி முள் சிவப்பு, முனையில் வட்டம், ரயில்வேக்காரர் கையில் பிடிக்கும் சைகைத் தட்டின் சாயல். அது 58 நொடி சொச்சத்தில் ஒரு சுற்று முடித்து, உச்சியில் ஒரு கணம் அப்படியே நிற்கும். பெரிய முள் துடித்து ஒரு நிமிடம் நகர்ந்த பிறகுதான் மறுபடி ஓடும். மாமா அதைப் பல சுற்று பார்த்தார். கூர் வண்டி கிளம்ப மூன்று நிமிடம் இருக்கும்போது நான்தான் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

கூரில் ராத்திரிச் சாப்பாடு மலுன்ஸ். இந்தப் பக்கத்து ஏழைகளின் பழைய உணவு. வேகவைத்த உருளைக்கிழங்கைத் துருவி, மாவு பிசறி, வெண்ணெயில் உதிரி உதிரியாக வறுத்து, ஆப்பிள் மசியலோடு தருகிறார்கள். தட்டு 21 ஃபிராங்க். ஒரு ஃபிராங்க் இன்று 110 ரூபாய் என்பதால் மாமா மனசுக்குள் பெருக்கிப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. "உப்புமாவுக்கு ஆப்பிள் சட்னி" என்றார், ஆனால் தட்டைக் காலி செய்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டால் அதற்கும் காசு. வெளியே தெருவில் நாலடிக்கு ஒரு நீரூற்றில் அதே தண்ணீர் இலவசமாகக் கொட்டுகிறது. குடிக்கக்கூடாது என்று பலகை இல்லாவிட்டால் எல்லாவற்றிலும் பிடிக்கலாம்.

செப்டம்பர் 4, திரானோ

கூரில் ஏறும்போது வலப்பக்கம் உட்கார வேண்டும். லாண்ட்வாசர் பாலம் அந்தப் பக்கம்தான் வளையும். ஆறு வளைவுகள், 65 மீட்டர் உயரம், 1902-ல் கட்டி முடித்தது. பாலம் முடிகிற இடத்தில் செங்குத்தான பாறை, பாறையில் ஒரு ஓட்டை, வண்டி நேராக அதற்குள் போய்விடுகிறது. பார்ப்பதற்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது. அதனால் அடுத்த நிலையமான ஃபிலிசூரில் இறங்கி, காட்டுப் பாதையில் அரை மணி நேரம் நடந்து, எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தோம். சிவப்பு வண்டி ஒன்று வந்தது, பாறைக்குள் மறைந்தது. அங்கே ஒரு குடும்பம் மடக்கு நாற்காலி, தெர்மாஸ் ஃபிளாஸ்க் சகிதம் உட்கார்ந்திருந்தது. அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று சைகையில் கேட்டேன். அந்த வீட்டுச் சின்னப் பையன் அட்டவணையைப் பார்க்காமலேயே விரல் விட்டுச் சொன்னான்.

பெர்க்யூனிலிருந்து பிரேடாவரை பாதை கிறுக்குப் பிடித்தாற்போல் சுற்றுகிறது. பறவை பறந்தால் ஆறு கிலோமீட்டர் வராத தூரத்தில் 400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருப்பதால், மலைக்குள்ளேயே வட்டமடித்து வட்டமடித்துத் தண்டவாளத்தைப் பன்னிரண்டு கிலோமீட்டராக நீட்டியிருக்கிறார்கள். ஒரே கோயில் கோபுரம் இடப்பக்கம் வருகிறது, வலப்பக்கம் வருகிறது, மறுபடி இடப்பக்கம் வருகிறது. மாமா திசையைத் தொலைத்துவிட்டு, சூரியனை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தார். சூரியனும் சுற்றியது.

இரண்டு இடத்தில் வண்டி மாறி பெர்னினா பாதைக்கு வந்தோம். 1910-ல் முழுமையாகத் திறந்த பாதை. மொர்த்தெராட்ச் நிலையம் வந்தபோது பக்கத்தில் இருந்த அம்மாள் ஜன்னலைக் காட்டி ஜெர்மனில் ஏதோ சொன்னார். புரியவில்லை என்றதும் நிலையத்தின் தரையைக் காட்டினார், பிறகு தூரத்து வெள்ளையைக் காட்டினார், கை இரண்டையும் விரித்தார். நூறு ஆண்டுகளுக்கு முன்பு பனியாறு நிலையத்துக்கு அருகில் வரை இருந்தது. இப்போது அதன் நுனியைத் தொட ஒரு மணி நேரம் போல நடக்க வேண்டும். வழி நெடுக, எந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்று கம்பம் நட்டு வைத்திருக்கிறார்கள்.

கணவாய் உச்சியில் ஓஸ்பித்ஸியோ பெர்னினா, 2253 மீட்டர். அடுத்தடுத்து இரண்டு ஏரிகள். ஒன்று கறுப்பு, ஒன்று பாலாய் வெளிறிய பச்சை. கறுப்பு ஏரித் தண்ணீர் இன், டான்யூப் ஆறுகள் வழியாகக் கருங்கடலுக்குப் போகிறது. வெள்ளை ஏரித் தண்ணீர் போ ஆற்றில் சேர்ந்து ஏட்ரியாட்டிக் கடலுக்கு. இரண்டுக்கும் நடுவில் மேடு என்று சொல்லக்கூட ஒன்றும் கண்ணில் படவில்லை.

மாமாவின் கவலை வேறு. உச்சியிலிருந்து திரானோவுக்கு 1800 மீட்டர் இறக்கம். சரிவு 7 சதவிகிதம். அவர் வேலை பார்த்த நீலகிரிப் பாதையில் சரிவு எட்டு சதவிகிதம் சொச்சம், அங்கே தண்டவாள நடுவில் பல் இருக்கிறது, இன்ஜினின் சக்கரம் அதைக் கவ்வித்தான் ஏறும், இறங்கும். இங்கே பல்லே இல்லை. வெறும் சக்கரமும் வெறும் தண்டவாளமும். ஆல்ப் கிரூமில் இறங்கி, நடைமேடை ஓரத்தில் குனிந்து, தண்டவாள நடுவை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார். பச்சைச் சட்டை போட்ட ஊழியர் பதறி ஓடி வந்தார். மாமா விரலால் பல் மாதிரி காட்டி, "நோ?" என்றார். அந்த ஆள் சிரித்துவிட்டு, "நோ, நோ" என்று தலையாட்டினார். "பிரேக்கு?" என்று மாமா அடுத்துக் கேட்க, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணத் தொடங்கினார். மின்சாரத்தில் ஒன்று, காற்றில் ஒன்று, தண்டவாளத்தையே காந்தமாகப் பிடிப்பது ஒன்று. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது பத்து இங்கிலீஷ் வார்த்தை. அடுத்த வண்டி வரும்வரை அதை வைத்தே பேசினார்கள்.

பிருசியோ வட்டப் பாலத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஒன்பது வளைவு, வண்டி சுற்றி வந்து தன் வாலுக்கடியிலேயே நுழைந்து போகிறது. எனக்கு அதைவிடத் திரானோ ஊருக்குள் வண்டி நுழைந்ததுதான் பிடித்தது. சாலை நடுவில், கார்களோடு காராக, மாதா கோயில் வாசலை உரசிக்கொண்டு போகிறது. சைக்கிளில் வந்த ஒரு பாட்டி ஒதுங்கவே இல்லை. வண்டிதான் மெதுவாகப் போனது.

காலையில் கூரில் குளிர்கோட்டு, மாலையில் திரானோவில் வியர்வை. மலைச்சரிவெல்லாம் கல்லடுக்கிய திராட்சைத் தோட்டம். ராத்திரிக்குப் பித்ஸோக்கெரி. பக்வீட் (பாப்பரை) மாவில் செய்த பட்டை நூடுல்ஸ், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், உள்ளூர்ப் பாலாடைக்கட்டி, பூண்டு மணக்கும் வெண்ணெய். 12 யூரோ. உட்கார்ந்ததற்கே தலைக்கு 2 யூரோ என்று பில்லில் தனியாக ஒரு வரி, அது இத்தாலி வழக்கம். மாமா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். பாதியில் நிமிர்ந்து, "இதுல கொஞ்சம் மொளகாப்பொடி இருந்தா" என்றார். பையில் இருந்தது. எடுத்துத் தூவினார். பரிமாறிய பெண் எட்டிப் பார்த்து, கொஞ்சம் கேட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, உள்ளே போய்ச் சமையல்காரரைக் கூட்டி வந்தார்.

செப்டம்பர் 5, திசென்டிஸ்

காலையில் நின்றுகொண்டே குடிக்கிற காபி 1.40 யூரோ. ஸ்விட்சர்லாந்தில் இதற்கு ஐந்து ஃபிராங்குக்குக் குறைவாகக் கொடுத்த ஞாபகம் இல்லை. இரண்டாவது காபி சொல்லும்போது கடைக்காரர் எங்கள் பெட்டிகளைப் பார்த்து, "மிலானோ?" என்றார். ஆமாம் என்றதும் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். ரயில் வேலைநிறுத்தம். நேற்று ராத்திரியே தொடங்கிவிட்டது, இன்று மாலை ஆறுவரை. காலை ஆறிலிருந்து ஒன்பதுவரை சில வண்டிகளைக் கட்டாயம் ஓட்டுவார்கள், ஆனால் அந்த வண்டி போயாகிவிட்டது.

திரானோவில் இரண்டு ரயில் நிலையங்கள் ஒரே சதுக்கத்தில் இருக்கின்றன. இத்தாலிய நிலையத்தில் திரை முழுக்கச் சிவப்பு. பத்தடி தள்ளி ஸ்விஸ் நிலையத்தில் சிவப்பு வண்டி சரியான நேரத்துக்குப் பெல்லடித்து நிற்கிறது. பெல்லின்சோனா அறைக்குக் கட்டிய பணம் போயிற்று. வந்த வழியே திரும்பி ஏறி, கிழக்கிலிருந்து ஆண்டர்மாட்டை அடைவதென்று முடிவானது. சாதா வண்டியின் வசதி இன்றுதான் முழுசாகப் புரிந்தது. யாரையும் கேட்க வேண்டாம், எதையும் ரத்து செய்ய வேண்டாம், பாஸைக் காட்டி ஏறினால் சரி. எங்கள் பெட்டியில் கண்ணாடி வண்டிக்கு மாலை முன்பதிவு செய்திருந்த தம்பதி ஒன்று, கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா என்று போனில் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே வந்தது.

நேற்று பார்த்த பாதையா என்று சந்தேகம் வரும்படி மலை மாறியிருந்தது. ஆல்ப் கிரூமுக்கு மேலே மூட்டம். ஏரி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை, கண்ணாடியில் பனியும் மழையும் கலந்து அடித்தது. கண்ணாடிக் கூரைக்குக் காசு கட்டியவர்களும் இன்றைக்கு இதைத்தான் பார்த்திருப்பார்கள். மலை ஏறிவிட்டு இறங்கியவர்கள் நனைந்து நடுங்கி ஏறினார்கள். எதிர் இருக்கையில் ஒரு பெரியவர், சேறான காலணியைக் கழற்றாமல், பையிலிருந்து செய்தித்தாளை எடுத்து இருக்கையில் விரித்து, அதன் மேல் காலை நீட்டினார். இறங்கும்போது தாளை மடித்துக் கையோடு எடுத்துப்போனார். அவர் நாய்க்கும் டிக்கெட் இருந்தது. பரிசோதகர் அதையும் வாங்கிப் பார்த்தார். நாய்க்குப் பெரும்பாலும் அரைக்கட்டணம்.

மாமா அக்காவோடு வீடியோவில் பேச ஆரம்பித்து, மழையையும் நாயையும் காட்டிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒருவர் தோளைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். கோபமில்லை, முகத்தில் சிரிப்புதான். ஆனாலும் மாமாவுக்குச் சுருக்கென்றுவிட்டது. அரை மணி நேரம் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

ரைஹனாவில் மாறி ரைன் பள்ளத்தாக்கு. சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மலைப்பக்கமே சரிந்து ஆற்றை அடைத்து, ஆறு அதை அறுத்துக்கொண்டு போன இடம். இருபுறமும் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர். தண்டவாளத்துக்கும் ஆற்றுக்கும் மட்டும்தான் இடம், பெரும்பகுதிக்குச் சாலையே இல்லை. இந்தப் பக்கத்துச் சின்ன நிலையங்களில் பொத்தானை அமுக்கினால்தான் வண்டி நிற்கும்.

திசென்டிஸ் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஊர் முழுக்க ஒரே ஒரு கட்டடம்தான் கண்ணில் நிற்கிறது, பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். ராத்திரி பார்லி சூப் சொன்னோம். சைவம் என்று சொல்லியும் அடியில் இறைச்சித் துண்டு மிதந்தது. மாமா ரொட்டிக்குப் பருப்புப் பொடி தொட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

செப்டம்பர் 6, ஆண்டர்மாட்

திசென்டிஸில் வண்டி மாறும்போது மாமா மறுபடி குனிந்தார். இந்தத் தடவை பல் இருந்தது. தண்டவாள நடுவில் இரண்டு இரும்புப் பட்டைகள் அருகருகே, ஒன்றின் பல் வருமிடத்தில் மற்றதன் பள்ளம். இரண்டு வரிசையும் அப்படி ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்திருப்பதால் சக்கரத்தின் ஏதோ ஒரு பல் எப்போதும் கவ்வியபடியே இருக்கும். ரோமன் ஆப்ட் என்ற ஸ்விஸ் பொறியாளர் கண்டுபிடித்தது. நீலகிரியில் கல்லாறிலிருந்து குன்னூர்வரை இருப்பதும் இதே ஆப்ட் பல்தான். அங்கே ஓடிய எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களும் இந்த நாட்டு விண்டர்தூரில் செய்து கப்பலேறியவைதான். அதன் தகட்டில் பொறித்திருந்த ஊர்ப்பெயரை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து படித்திருக்கிறார் மாமா, அது எங்கே இருக்கிறது என்று அப்போது யோசித்ததில்லையாம். "எண்ணெய் கம்மியாப் போட்டிருக்கறாங்க" என்றார் பல்லைப் பார்த்து. பல்லில் ஏறும் இடத்தில் வண்டி லேசாக உதறியது. அவர் என்னைப் பார்த்தார், "புடிச்சிருச்சு" என்றார்.

ஓபரால்ப் கணவாய், 2033 மீட்டர். உச்சியில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது, சிவப்பாக. ரைன் ஆறு இதன் பக்கத்தில் பிறந்து ஹாலந்தில் கடலில் சேர்கிறது. அங்கே ஆற்று முகத்தில் இருந்த கலங்கரை விளக்கத்தைப் போலவே சின்னதாக ஒன்றை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். கப்பல் வர வாய்ப்பில்லை. ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டோம்.

பெட்டிகளை ஆண்டர்மாட் நிலையத்துப் பெட்டகத்தில் போட்டுவிட்டு, பெல்லின்சோனா வழியாக வந்திருந்தால் பார்த்திருக்க வேண்டிய பழைய கோட்ஹார்ட் பாதையை ஒரு பகுதியாவது பார்க்கக் கீழே கோஷெனனுக்கு இறங்கினோம். பத்து நிமிடப் பாதை, 18 சதவிகிதச் சரிவு. மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டார். கோஷெனனில்தான் 15 கிலோமீட்டர் பழைய சுரங்கத்தின் வடக்கு வாய் இருக்கிறது. 1872-ல் தொடங்கி 1882-ல் வண்டி விட்டார்கள். ஒப்பந்தக்காரர் லூயி ஃபாவ்ர் 1879-ல் சுரங்கத்துக்குள்ளேயே மாரடைப்பில் இறந்தார், மறுபக்கத்து வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. இறந்த தொழிலாளர்களில் கணக்கில் வந்தவர்களே 200-க்குப் பக்கம். பெரும்பாலும் இத்தாலியர்கள். 1875-ல் வேலைநிறுத்தம் செய்தபோது படையினர் சுட்டு நாலு பேர் இறந்தது இந்த ஊரில்தான். நேற்றைக்கு மிலான் வண்டி கிடைக்காத எரிச்சல் எனக்கு இன்னும் மிச்சமிருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லும் இடம் இதுவல்ல என்று தோன்றியது. மாமா தொழிற்சங்கத்தில் இருந்தவர், நேற்றிலிருந்தே வேலைநிறுத்தக்காரர்கள் பக்கம்தான்.

கோஷெனனிலிருந்து எர்ஸ்ட்ஃபெல்டுக்கு இறங்குகிற வண்டியில் வாசென் ஊரின் வெள்ளைத் தேவாலயம் மூன்று தடவை வருகிறது. முதலில் கீழே, அப்புறம் கண்ணெதிரே, கடைசியில் தலைக்கு மேலே. மலைக்குள் சுற்றிச் சுற்றி இறங்குவதால் இப்படி. 2016-ல் திறந்த 57 கிலோமீட்டர் அடிவாரச் சுரங்கம் வழியாகப் போகிறவர்களுக்கு இதில் எதுவும் கிடையாது, இருபது நிமிடம் இருட்டு. அவசரமில்லாதவர்கள் இந்தப் பழைய பாதையை விடக்கூடாது. எங்கள் பெட்டியில் ஐந்தே பேர். எர்ஸ்ட்ஃபெல்டில் காபி குடித்துவிட்டு அதே வண்டிப் பாதையில் ஏறி வந்தோம். ஏறும்போது தேவாலயம் தலைகீழ் வரிசையில்.

ஆண்டர்மாட் விடுதிக்கு ஆறே காலுக்குப் போனோம். ஆறு மணிக்கே வரவேற்பறையைப் பூட்டிவிட்டார்கள். வாசலில் சாவிப் பெட்டி, திறக்க எண் வேண்டும், எண் மின்னஞ்சலில் வரும் என்று பலகை. வரவில்லை. போனில் பதிவு செய்த குரல். குளிர் ஏழு டிகிரி. பக்கத்து பேக்கரியை மூடிக்கொண்டிருந்த அம்மாள் எங்களை ஒரு பார்வை பார்த்தார், தன் போனை எடுத்தார், யாரையோ முதல் பெயர் சொல்லி அழைத்து அரை நிமிடம் அதட்டினார். நான்கு எண்களைப் பேக்கரிக் காகிதப் பையின் மேல் எழுதிக் கொடுத்தார். பையைக் கொடுக்கும்போது உள்ளே மிச்சமிருந்த வால்நட் டார்ட் இரண்டு துண்டு போட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

செப்டம்பர் 7, செர்மாட்

ரியால்ப் நிலையத்தில் நீராவிப் புகை. 1982-ல் ஃபுர்கா அடிவாரச் சுரங்கம் திறந்ததும் கைவிட்ட பழைய கணவாய்ப் பாதையைத் தன்னார்வலர்கள் மீட்டு, கோடையில் நீராவி வண்டி ஓட்டுகிறார்கள். இந்தப் பாதையின் பழைய இன்ஜின்கள் 1940-களில் வியட்நாமுக்கு, டா லாட் மலைப்பாதைக்கு விற்கப்பட்டவை. அங்கே துருப்பிடித்துக் கிடந்தவற்றை 1990-ல் தேடிப்போய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதில் ஏற வேண்டுமென்றால் ஒரு நாள் முழுக்க ஒதுக்க வேண்டும். இந்தத் தடவை முடியவில்லை. எங்கள் வண்டி 15 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் நுழையும்வரை மாமா கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

செர்மாட்டில் பெட்ரோல் கார்களுக்கு அனுமதி இல்லை. அதற்குப் பதில் சத்தமே இல்லாத மின்சார டாக்சிகள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று திடுக்கிட வைக்கின்றன. மேட்டர்ஹார்ன் சிகரம் இருக்கவேண்டிய திசையில் மேகம். அறை வாடகை இந்தப் பயணத்திலேயே அதிகம், அறையோ இருப்பதிலேயே சிறியது. வெந்நீர் கேட்டதற்கு மூன்று ஃபிராங்க். சூடான உருளைக்கிழங்கின் மேல் உருகிய பாலாடைக்கட்டியைச் சுரண்டிப்போடும் ராக்லெட் சாப்பிட்டோம். எனக்கு இரண்டு தட்டு போனது. மாமாவுக்குக் கூட வைத்த ஊறுகாய் வெங்காயம் மட்டும் இறங்கியது. நிலையத்துச் சூப்பர்மார்க்கெட்டில் அவித்த அரிசிப் பொட்டலம், தயிர், உப்பு வாங்கிவந்து அறையில் தயிர்சாதம் பிசைந்தார்.

செப்டம்பர் 8, கோர்னர்கிராட்

ஆறே முக்காலுக்கு மாமா உலுக்கி எழுப்பினார். ஜன்னலுக்கு வெளியே மேட்டர்ஹார்ன் முழுசாக நின்றது. உச்சியில் மட்டும் வெயில் பட்டு ஆரஞ்சு நிறம், ஊர் இன்னும் இருட்டில். 4478 மீட்டர். 1865 ஜூலை 14-ல் எட்வர்ட் விம்பர் குழு முதன்முதலில் ஏறியது. இறங்கும்போது கயிறு அறுந்து ஏழு பேரில் நாலு பேர் விழுந்து இறந்தார்கள். அந்த அறுந்த கயிறு ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாமாவின் சுண்டுவிரல் கனம்கூட இல்லை.

கோர்னர்கிராட் மலைமுகட்டுக்கு ஏறும் வண்டி 1898-லிருந்து மின்சாரத்தில் ஓடுகிறது. பாஸுக்குப் பாதிக்கட்டணம், அதுவே ஆளுக்கு 60 ஃபிராங்கை ஒட்டி வருகிறது. கொடுக்கலாம். அரை மணி நேரத்தில் 3089 மீட்டர். இதிலும் ஆப்ட் பல், சரிவு 20 சதவிகிதம். மாமாவுக்கு மலையைவிட எதிரில் இறங்கிவந்த வண்டிதான் பெரிது. இறங்குகிற வண்டி உண்டாக்கும் மின்சாரம் கம்பி வழியே ஏறுகிற வண்டிக்குப் போகிறது என்று பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னேன். "நாங்க எறங்கும்போது பெட்டிக்கொரு பிரேக்ஸ்மேன் சக்கரத்த இறுக்கிப் புடிச்சு, அத்தனையும் சூடாப் போயிரும்" என்றார்.

மேலே மூச்சு வாங்கியது. இரண்டு படி ஏறினால் ஒரு நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. ஒன்பதரைக்குள் பெரிய குழுக்கள் வந்துவிட்டன, பத்து மணிக்கு மேகமும் வந்துவிட்டது. இங்கே காலை வண்டிதான் ஒரே வழி. முந்தைய நாளே டிக்கெட் வாங்கி வைத்தவர்கள் மேகத்தைப் பார்த்துக்கொண்டு சாக்லேட் பால் குடித்தார்கள்.

செப்டம்பர் 9, பெர்ன்

செர்மாட்டிலிருந்து இறங்கும்போது ராண்டாவில் ஒரு பெரிய கற்சரிவு. 1991-ல் மலை உடைந்து விழுந்து ரயில் பாதையைப் புதைத்தது, பாதையைத் தள்ளிப் போட வேண்டியதாயிற்று.

பிரிக்கில் 34 கிலோமீட்டர் அடிச்சுரங்க வண்டியை விட்டுவிட்டு, 1913-ல் திறந்த பழைய லோட்ச்பெர்க் பாதையில் ஏறினோம். ரோன் பள்ளத்தாக்கின் சுவரை ஒட்டியே ஏறுகிறது. கோப்பென்ஸ்டைன் நிலையத்தில் பைகளோடு நாலைந்து பேர் ஏறினார்கள். அங்கிருந்து போகும் பக்கவாட்டுப் பள்ளத்தாக்கில்தான் பிளாட்டன் என்ற ஊர் இருந்தது. 2025 மே 28-ல் பிர்ச் பனியாறு உடைந்து, பாறையும் பனியுமாக இறங்கி, ஊரின் பெரும்பகுதியைப் புதைத்துவிட்டது. ஒன்பது நாள் முன்னதாகவே 300 பேரையும் வெளியேற்றியிருந்தார்கள். ஒருவர் மட்டும் இறந்தார். ரயிலிலிருந்து அந்த இடம் தெரியாது. எதிரில் உட்கார்ந்த பெண் எந்த ஊர் என்று கேட்டார், இந்தியா என்றோம். அவர் எந்த ஊர் என்று நாங்கள் கேட்கவில்லை. காண்டர்ஷ்டெக் வருவதற்குள் மாமா அவருக்கு முறுக்கு கொடுத்திருந்தார். ஒன்றை எடுத்தார், மிச்சத்தை என்னிடம் நீட்டினார், சாப்பிட்ட கையைத் துடைத்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்பதுபோல் தலையசைத்தார்.

செப்டம்பர் 10, பெர்ன்

உடம்பு இன்று எழுந்திருக்கவில்லை. ராத்திரிக்கொரு கட்டில், காலைக்கொரு பெட்டி கட்டல். வண்டி மாறுவதில் களைப்பில்லை, அறை மாறுவதில்தான். இன்னொரு தடவை திட்டம் போட்டால் கூரிலும் பிரிக்கிலும் இரண்டே அறை எடுத்து, பெட்டியை வைத்துவிட்டு அங்கிருந்து தினம் கைவீசிக்கொண்டு போய்வருவேன். பிரிக் அறை செர்மாட்டைவிட மலிவும்கூட.

மதியச் சாப்பாட்டுக்கு நகர ரயிலில் ஐந்து நிமிடம் போய் ஐரோப்பாப்ளாட்ஸ். 2014-லிருந்து இயங்கும் மதங்களின் இல்லம் அங்கே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கடையும் அலுவலகமுமாக ஒரு சாதாரணக் கட்டடம். உள்ளே பள்ளிவாசல், பௌத்தர்கள், துருக்கிப் பக்கத்து அலெவி சமயத்தார், கிறிஸ்தவர்கள், எல்லாருக்கும் தனித்தனி இடம். ஈழத்தமிழர்கள் நடத்துகிற சிவன் கோயில், தமிழிலேயே வழிபாடு. 1980-களில் அகதிகளாக வரத் தொடங்கியவர்கள் இவர்கள்.

சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். மாமா முதல் உருண்டையை வாயில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பரிமாறிய ஐயா பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்தியாவில எவடம்?"

"கோயம்புத்தூருங்க."

"ரயில்லதான் சுத்தினனீங்களோ? மலை பாக்கவோ?"

மாமா ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொன்னார். திரானோ, திசென்டிஸ், வாசென், செர்மாட். ஐயா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"நான் இஞ்ச வந்து முப்பது வருசத்துக்கு மேல. செர்மாட்டில ரெண்டு வருசம் ஹோட்டல் குசினியில நிண்டனான். விடிய முதல் உள்ள போனா, இருட்டினாப் பிறகுதான் வெளிய. அந்த மலையைப் பெட்டி மூடியில இருக்கிற படத்திலதான் கனக்கப் பாத்திருக்கிறன்."

"பல்லுச் சக்கரத்தப் பாத்தீங்களா?" என்றார் மாமா.

"என்ன பல்லு?"

மாமா தட்டை ஒதுக்கி, இரண்டு அப்பளத்தை அருகருகே வைத்து, ஒன்றின் ஓரத்தை விட்டு விட்டு ஒடித்து விளக்க ஆரம்பித்தார். ஐயா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "வாறன், வாறன்" என்றார், எழுந்திருக்கவில்லை. நான் இரண்டாவது தடவை குழம்பு வாங்கப் போனேன்.